சண்டை கேம்களுக்கு ஆர்கேட் ஸ்டிக் வாங்குவதும் மாற்றி அமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டிக் இல்லாமல் சண்டை கேம் நன்றாக ஆட முடியாதா?

தாராளமாக முடியும். (ஆர்கேட் ஸ்டிக் என்பது, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில் இருப்பது போல லீவர் என்ற கைப்பிடியும் பெரிய பட்டன்களும் கொண்ட பெட்டி.) 2014-ல் எவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸின் லூஃபி, பழைய முதல் பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலரை வைத்துத்தான் ஆடினார். எனவே "ஸ்டிக் வாங்கினால் ஆட்டம் தானாக முன்னேறும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு ஆட்டம் பின்னோக்கித்தான் போகும். கையில் ஊறிப்போன பழக்கத்தை மாற்றினால் அப்படித்தான் ஆகும்.

அப்படியென்றால் எதற்கு ஸ்டிக்? இந்த வகை கேம்களே அதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டன. 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன்கள் இரண்டு வரிசையாக இருந்தன. இன்றைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-லும் அந்த ஆறு அப்படியே இருக்கின்றன. கன்ட்ரோலரில் நான்கு பட்டன்கள் வலது கட்டைவிரலுக்குப் போய்விடும், மீதி இரண்டை ஆள்காட்டி விரல்கள் மேலிருந்து அழுத்த வேண்டும். ஸ்டிக்கில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பட்டன் கிடைக்கிறது. இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்துவது எளிது. இடது கட்டைவிரல் வலிக்காது. அப்புறம், பிடிப்பதற்கே ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதையும் ஒரு காரணமாகவே நான் எண்ணுகிறேன்.

முதன்முதலாக வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

திறந்து உள்ளுறுப்புகளை மாற்ற முடிகிற பெட்டியாகப் பாருங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மலிவான ஸ்டிக்குகளில் லீவரும் பட்டன்களும் சுமாராக இருப்பது பெரிய குறை இல்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சிலவற்றில் பட்டன் துளைகள் வழக்கமான அளவில் இருக்காது. அல்லது பட்டன் வயர்கள் நேரடியாக சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை வாங்கினால் அதோடுதான் வாழ வேண்டும். ஆகவே மூன்றைச் சரிபாருங்கள். ஆட்டப் பட்டன்களின் துளை 30 மி.மீ. இருக்க வேண்டும். பட்டன்கள் கழற்றி மாட்டும் வயர் முனைகளோடு இருக்க வேண்டும். லீவருக்கு ஜப்பான் முறையிலான ஐந்து முனை இணைப்பு இருக்க வேண்டும். நான்கு திசைகளுக்கு நான்கு, பொது கிரவுண்டுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து.

மேஃப்ளாஷ் எஃப்300 போன்ற குறைந்த விலை ஸ்டிக்குகள் இவ்வளவு காலம் பேசப்படுவதற்குக் காரணம், அவற்றில் ஜப்பானின் சன்வா நிறுவன லீவரையும் பட்டன்களையும் பொருத்த முடியும் என்பதே. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், ஹோரி, கான்பா நிறுவனங்களின் மேல்நிலை ஸ்டிக்குகள் முதல் நாளிலேயே நல்ல உறுப்புகளோடு வரும்.

எடையையும் அகலத்தையும் மறக்காதீர்கள். மடியில் வைத்து ஆடுபவருக்கு, தொடை இரண்டிலும் உட்காரும் அளவு அகலமும் வேகமாக இழுத்தால் நகராத அளவு கனமும் தேவை. லேசான ஸ்டிக் என்றால் மேசையில் வைத்து, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு ஆடுங்கள்.

லீவர்களில் ஜப்பான், கொரியா, அமெரிக்கா என்று பிரிக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஜப்பான் லீவரில் திரும்பும் விசை ஒரு ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. திசைக்கு ஒன்றாக நான்கு மைக்ரோசுவிட்சுகள், அதாவது சின்னச் சுவிட்சுகள், இருக்கும். மூலைத் திசை என்பது பக்கத்துப் பக்கத்து இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அழுந்துவது. அடியில் "கேட்" என்ற தடுப்புத் தகடு, லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும். மேலே 35 மி.மீ. பந்து. இந்த வகையின் அடையாளம் சன்வா டென்ஷியின் ஜேஎல்எஃப். லேசானது, கொஞ்சம் தளர்வாகவே இருக்கும், உலகெங்கும் உதிரி கிடைக்கும். சேமிட்சு நிறுவனத்தின் எல்எஸ்-32, எல்எஸ்-56 போன்றவை இன்னும் விறைப்பானவை, சிறிய அசைவுக்கு ஏற்றவை. ஹோரியின் ஹயபுசா ஜேஎல்எஃப் போலவே இருந்தாலும் கையில் சற்று இறுக்கமாக உணரப்படும்.

கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு ரப்பர் வளையம். லீவர் ஓடும் பாதை வட்டமானது, மூலை கிடையாது. தலை நீள்வடிவ மட்டை போல இருக்கும். விட்ட கணமே நடுவுக்குப் பாய்ந்து வந்து நிற்கும், ஆடாது.

அமெரிக்காவின் ஹாப், ஸ்பெயினின் இண்டஸ்ட்ரியாஸ் லொரென்ஸோ வகை லீவர்கள் கனமானவை, அடி வாங்கத் தயாரானவை. பழைய மார்டல் காம்பாட் இயந்திரங்களின் உணர்வு வேண்டுமென்றால் அவைதான். ஆனால் இன்றைய வீட்டு ஸ்டிக் பெட்டிகளில் பெரும்பாலும் பொருந்தாது.

நான் டெக்கன் ஆடுகிறேன். கொரிய லீவர்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் ஏன் பலர் அதைத் தேடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

டெக்கன் என்ற சண்டை கேமில் நடுநிலையே, அதாவது லீவர் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதே, கட்டளையின் ஒரு பகுதி. மிஷிமா குடும்பக் கதாபாத்திரங்களின் எலக்ட்ரிக் குத்துக்கு முன், நடு, கீழ், கீழ்-முன், அந்தக் கடைசித் திசை விழும் அதே ஃபிரேமில் குத்து. இடையில் லீவர் உண்மையிலேயே நடுவுக்கு வந்தாக வேண்டும். ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 60-ல் ஒரு பங்கு. தளர்வான ஸ்பிரிங் நடுவைத் தாண்டி ஆடிவிட்டு நின்றால் கட்டளை குலையும். ரப்பர் வளையம் அதைத் தடுக்கிறது. பின்னோக்கித் தொடர்ந்து நழுவும் கொரியன் பேக்டேஷுக்கும் இதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. கொரிய லீவர் கீழ்ப்பக்கம் நீளமானது. உங்கள் பெட்டிக்குள் ஆழம் போதுமா, பொருத்தும் தகட்டின் திருகுத் துளைகள் ஒத்துப்போகுமா என்று அளந்த பிறகே வாங்குங்கள். பட்டியலில் "பொருந்தும்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள், அடிமூடி மூடாமல் போகலாம்.

ஏற்கெனவே ஜேஎல்எஃப் இருந்தால், அதில் விறைப்பான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செலவு மிகக் குறைவு.

சதுர கேட்டா, எண்கோண கேட்டா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தத் திசை பதிவாகிறது என்பதை கேட் தீர்மானிப்பதில்லை, சுவிட்ச் தீர்மானிக்கிறது. லீவரின் அடிப்பகுதி சுவிட்சைத் தொட்டு அழுத்திய கணத்தில் திசை பதிவாகிவிட்டது. அதன் பிறகு லீவர் தடுப்பில் போய் இடிக்கும் வரை உள்ள தூரம் வெறும் மிச்சம். கேட் அந்த மிச்சத்தைத்தான் வெட்டுகிறது.

சுவிட்சுகள் நான்கும் சதுரமாக அமைந்திருப்பதால் சதுர கேட் அந்த அமைப்போடு இயல்பாகப் பொருந்துகிறது. மூலையில் நிறைய இடம் இருக்கிறது. கீழ்-பின் மூலையில் லீவரை நிறுத்தி உட்கார்ந்து தடுக்கும் கைல் போன்ற சார்ஜ் கதாபாத்திரங்களுக்கு (ஒரு திசையைச் சற்று நேரம் பிடித்து வைத்த பிறகே தாக்குபவர்கள்) அந்த மூலை ஒரு பெரிய நிம்மதி, கண் பார்க்காமலே கை அங்கே போய் உட்காரும்.

எண்கோண கேட் அந்த மூலைகளைச் சீவிவிடுகிறது. எட்டுத் திசையிலும் லீவர் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும், ஒவ்வொரு திசையிலும் ஒரு சின்னப் பள்ளம் விரலுக்குத் தெரியும். கன்ட்ரோலரிலிருந்து வருபவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். ஸங்கீஃப் என்ற மல்யுத்தக் கதாபாத்திரத்தை ஆடுபவர்கள் முழு வட்டம் சுற்றுவதற்கு இது வழவழப்பாக இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் மூலைத் திசைகளுக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. மூலையைப் பிடித்து வைத்திருப்பது சற்றுக் கடினமாகிறது.

என் கருத்து இது: முதலில் சதுர கேட்டிலேயே குறைந்தது ஒரு மாதம் ஆடுங்கள். பெரும்பாலோருக்குச் சிரமம் கேட் தகட்டால் வருவதில்லை, லீவரைத் தேவைக்கு மேல் தூரம் தள்ளி, விளிம்பில் தேய்த்துக்கொண்டே போவதால்தான் வருகிறது. ஹடோக்கன் என்ற ஆற்றல் பந்துத் தாக்குதலுக்குத் தேவை கீழ், கீழ்-முன், முன் மட்டுமே. சுவிட்ச் 'டிக்' என்றதும் அடுத்த திசைக்குப் போகலாம், சுவரைத் தொட வேண்டியதில்லை. பயிற்சி அறையில் கட்டளைப் பதிவைத் திரையில் காட்டவைத்து, எவ்வளவு சின்ன அசைவில் இந்தக் கால்பங்கு வட்டம் விழுகிறது என்று நிதானமாகத் தேடுங்கள். அந்த அளவு கைக்குப் பிடிபட்டால் கேட் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

அப்போதும் எண்கோணம்தான் வேண்டும் என்றால் ஜேஎல்எஃப்புக்கு ஜிடி-ஒய் என்ற தகடு இருக்கிறது. பழையதைக் கழற்றி இதை மாட்ட ஐந்து நிமிடம் போதும். சதுரத் தகட்டை 45 பாகை திருப்பி மாட்டினால் நான்கு திசை மட்டும் கிடைக்கும், அது பேக்மேன் போன்ற பழைய ஆட்டங்களுக்கு. சண்டை கேம் ஆடும்போது மூலைத் திசையே விழவில்லை என்றால் தகடு இப்படித் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது?

ஜேஎல்எஃப்பின் சொந்த ஸ்பிரிங் ஒரு பவுண்டுக்கும் சற்றுக் குறைவான விசை உடையது. 2 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் வித்தியாசம் முதல் இழுப்பிலேயே தெரியும். அதற்கு மேல் போனால் நீண்ட நேரம் ஆடும்போது மணிக்கட்டு களைக்கும்.

லீவரைப் பெட்டியிலிருந்து கழற்றி, கேட்டையும் சுவிட்ச் பலகையையும் எடுத்தால், தண்டின் அடியில் 'ஈ' வடிவில் ஒரு சின்ன உலோக வளையம் தெரியும். அதைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டும். அது தெறித்து ஓடும். லீவரை ஒரு கண்ணாடித்தாள் பைக்குள் வைத்து நெம்பினால் பைக்குள்ளேயே விழும், தரையில் தேட வேண்டியிருக்காது. வளையம் வந்ததும் ஆக்சுவேட்டர் என்ற பிளாஸ்டிக் உருளையும் ஸ்பிரிங்கும் கையோடு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது தண்டை மேலிருந்து ஒரு கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

ஆக்சுவேட்டரையும் மாற்றலாம். சற்றுத் தடிமனானது போட்டால் சுவிட்ச் சீக்கிரமே அழுந்தும். ஸ்பிரிங்கையும் ஆக்சுவேட்டரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

பந்துத் தலையா, மட்டைத் தலையா?

பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது. தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே விட்டுக் கீழிருந்து பந்தைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்குப் பந்து. மேலிருந்தோ பக்கவாட்டிலோ விரல்களால் பற்றுபவர்களுக்கு மட்டை. அடித் துளை வழியே தண்டின் வெட்டில் ஸ்குரூடிரைவரை நிறுத்தி, பந்தை இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். சன்வா, சேமிட்சு இரண்டிலும் 6 மி.மீ. மரைதான், ஒன்றின் பந்து மற்றதில் சேரும்.

எந்தப் பட்டன் நல்லது?

சன்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 தான் பொதுவான அளவுகோல். மிக லேசானது, மூச்சுப் பட்டாலே அழுந்தும் என்பார்கள். வேகமான கைகளுக்கு அது வரம். விரலைப் பட்டன் மேலேயே சாய்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே தொல்லை, நினைக்காத நேரத்தில் அடி விழும். அப்படிப்பட்டவர்கள் சேமிட்சு பிஎஸ்-14-ஜி போட்டுப் பார்க்கலாம். அழுத்தம் கொஞ்சம் கூடுதல், எப்போது அழுந்தியது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். கேமர்ஃபிங்கர் போன்றவை கீபோர்டில் வரும் செர்ரி வகை சுவிட்சுகளை உள்ளே வைக்கின்றன. பிடித்த சுவிட்சை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி.

எல்லாப் பட்டனும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தவறி அழுந்தும் அந்த ஒரு பட்டனை மட்டும் கடினமான வகையாக மாற்றுவது என் பார்வையில் மிகவும் புத்திசாலித்தனமான செலவு.

30, 24, ஸ்னாப்-இன், ஸ்குரூ-இன் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

30 மி.மீ. ஆட்டப் பட்டன்களுக்கு, 24 மி.மீ. ஸ்டார்ட், செலக்ட் போன்றவற்றுக்கு. ஸ்னாப்-இன் என்றால் பக்கத்துக் கொக்கிகளால் பிடித்துக்கொள்ளும், மெல்லிய உலோகத் தகட்டுக்கு ஏற்றது. ஸ்குரூ-இன் என்றால் அடியில் ஒரு மரை வளையத்தால் இறுகும். நீங்களே மரப்பலகையில் பெட்டி செய்தால் கொக்கி எட்டாது, ஸ்குரூ-இன் தான் வழி. சன்வாவில் ஓபிஎஸ்எஃப் ஸ்னாப்-இன், ஓபிஎஸ்என் ஸ்குரூ-இன்.

பட்டன் மாற்ற சால்டரிங் தெரிய வேண்டுமா?

வேண்டாம். அடிமூடியைத் திறந்ததும் ஒரு கைபேசிப் படம் எடுத்து வையுங்கள். பட்டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர்: ஒன்று அந்தப் பட்டனின் சிக்னல், இன்னொன்று கிரவுண்டு. கிரவுண்டு வயர் பெரும்பாலும் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு மாலையாகப் போகும். இரண்டு முனைகளில் எது எங்கே மாட்டினாலும் வேலை செய்யும், ஏனென்றால் இது வெறும் சுவிட்ச். வயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கழற்றுங்கள். கொக்கிகளை அழுத்திக்கொண்டு பட்டனை அடியிலிருந்து தள்ளினால் வெளியே வரும்.

ஒவ்வொரு பட்டனாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எந்த வயர் எங்கே என்று குழப்பம் வரும். ஜப்பான் பட்டன்களின் முனை 2.8 மி.மீ. அகலம், ஹாப் வகைக்கு 4.8 மி.மீ. ஒன்றின் வயர் மற்றதில் உட்காராது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த வயர் முனைகளைத் தேட ரிச்சி தெரு போதும். சன்வா, சேமிட்சு உறுப்புகளைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். சுங்க வரியும் தபால் செலவும் சேர்ந்தால் ஒரு பட்டனின் விலை கண்ணைக் கட்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

ஸ்டிக் கணினியில் வேலை செய்கிறது, பிளேஸ்டேஷனில் செய்யவில்லை. ஏன்?

உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைதான் காரணம், லீவர் இல்லை. பிளேஸ்டேஷன் 4, தன்னோடு இணைவது அங்கீகரிக்கப்பட்ட கருவிதானா என்று சரிபார்க்கும். அந்தச் சோதனையில் தேறாத பலகை எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்படும். பிளேஸ்டேஷன் 5 இன்னும் கறார். இருந்தாலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்ற சில சண்டை கேம்கள் பிளேஸ்டேஷன் 4-க்கான ஸ்டிக்குகளை அதில் ஏற்கின்றன.

பல கன்சோல்களில் ஆட வேண்டுமென்றால் ப்ரூக் நிறுவனத்தின் யுனிவர்சல் ஃபைட்டிங் போர்டு நல்ல தீர்வு. பழைய பலகையை எடுத்துவிட்டு இதை வைக்கலாம். கணினியில் மட்டும் ஆடுபவர்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ராஸ்பெரி பை பிகோ என்ற சின்னப் பலகையில் ஜிபி2040-சிஇ என்ற இலவச, திறந்தமூல மென்பொருளை ஏற்றினால் போதும். ஒரு மில்லி நொடிக்கும் குறைந்த தாமதம்தான். விலையுயர்ந்த பல ஸ்டிக்குகளைவிட அது வேகமானது.

லீவரே இல்லாத, பட்டன் மட்டும் உள்ள பெட்டிகள் பற்றி?

ஹிட்பாக்ஸ் பிரபலமாக்கிய வகை. இடம், கீழ், வலம் மூன்றும் இடக்கை விரல்களுக்கு, குதிப்பது கட்டைவிரலுக்கு. திசை மாறுவதற்கு லீவர் தூரம் கடக்க வேண்டியதில்லை, அதனால் வேகம். மணிக்கட்டு வலி உள்ள சிலருக்கு இது ஆறுதலாகவும் இருக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லீவரில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் போக முடியாது. பட்டன்களில் முடியும். அப்போது பலகை என்ன அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதிக்கு எஸ்ஓசிடி என்று பெயர். கடைசியாக அழுத்தியதே செல்லும் என்று வைத்தால், பின்பக்கத்தைப் பிடித்தபடியே முன்னைத் தட்டி, லீவரால் முடியாத வேகத்தில் சார்ஜ் தாக்குதல்களைப் போடலாம். அது நியாயமில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த 2023-லிருந்து கேப்காம் ப்ரோ டூர் போட்டித் தொடரின் விதிகள், இடமும் வலமும் சேர்ந்தால் நடுநிலை என்பதையே அனுமதிக்கின்றன. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். போட்டிக்குப் போகும் முன் உங்கள் பெட்டியின் அமைப்பைச் சரிபாருங்கள். வீட்டிலும் அதே அமைப்பில் பழகுங்கள்.

இரவில் ஆடினால் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள்!

சத்தத்தில் பாதி பட்டனின் தலை அடியில் மோதுவது. சன்வாவின் ஓபிஎஸ்எஃப்எஸ்-30 சத்தம் குறைந்த வகை. புதிதாக வாங்க வேண்டாம் என்றால் பட்டனுக்குள் வைக்கும் மெல்லிய பஞ்சு வளையங்கள் கிடைக்கின்றன. பெட்டி உள்ளே வெறுமையாக இருந்தால் அதுவே ஒலியைப் பெருக்கும். வயர்களை அழுத்தாமல், அடிமூடியின் உட்புறத்தில் ஒரு ஃபோம் விரிப்பை ஒட்டுங்கள். லீவரின் 'டிக் டிக்' மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

மேலே எனக்குப் பிடித்த படத்தைப் போட முடியுமா?

மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு உள்ள மாடல் என்றால் எளிது. உங்கள் ஸ்டிக்குக்கான அளவு வரைபடத்தைத் தேடி எடுத்து, அதன் மேல் படத்தை 300 டிபிஐ தரத்தில் அமைத்து, தடித்த ஃபோட்டோ தாளில் அச்சிடுங்கள். அச்சுக்கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அளவு சுருங்கித் துளைகள் ஒத்துப்போகாது. துளைகளை வெட்டும்போது அக்ரிலிக்கை மேலே வைத்து, துளையின் விளிம்பை ஒட்டிக் கூர்மையான பிளேடால் வெட்டுங்கள். முக்கியமான உருவத்தின் முகம் பட்டனுக்கு அடியில் போகாதபடி படத்தை நகர்த்துவதற்குத்தான் அதிக நேரம் ஆகும், அந்த நேரத்தைக் கொடுங்கள்.

பராமரிப்பு என்ன செய்ய வேண்டும்?

லீவரின் கோள மூட்டில் வருடத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு உகந்த சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் தண்டும் வயர் முனைகளும் துரு ஏறும். ஆடாத நாட்களில் மூடி வையுங்கள், பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதும் உதவும்.

ஒரு திசை மட்டும் விட்டு விட்டு வேலை செய்தால் முதலில் ஐந்து முனை இணைப்பை எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. ஜேஎல்எஃப்பில் நான்கு சுவிட்சுகளும் ஒரே பலகையில் இருக்கின்றன. டிபி-எம்ஏ என்று கேட்டு அந்தப் பலகையை மட்டும் வாங்கி மாட்டினால் போதும், முழு லீவரையும் மாற்ற வேண்டாம்.